ஸ்ரீ அமத்துல் கரீம்

போன வாரம் பெங்களூரிலிருந்து பேரன் போன் செய்தான். கம்பெனியில் ஏதோ படிவம். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காதாம். நிரப்பிவிட்டான். கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி அதைப் பார்த்து, வேப்பசெட்டு என்றால் நீங்கள் எந்த ஆட்கள் என்று கேட்டிருக்கிறாள். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"தாத்தா, வேப்பசெட்டுன்னா நாம யாரு?"

"யாரும் இல்லடா. மரம்."

சிரித்துவிட்டு வைத்துவிட்டான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் வம்சத்துக்குள் அந்தப் பெயர் நுழைந்தது சித்தூரில், ஒரு ஆபீஸில், ஹெட் கிளார்க் ராகவய்யா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த நேரத்தில். ஆபீஸின் பெயர் வேண்டாம். ஆந்திரா தனி ராஜ்யமான புதிது. நகரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த ஒரே தகுதியோடும் கொஞ்சம் நல்ல கையெழுத்தோடும் போய் நின்றேன். நகல் எழுதுகிற வேலை. அதுவும் டெம்பரரி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ராகவய்யா மனம் வைத்தால்தான் நீடிக்கும்.

"இன்டிபேரு ஏமி?" என்றார். தெலுங்கர்களுக்குப் பெயருக்கு முன்னால் வீட்டுப் பெயர் ஒன்று உண்டு, அதைக் கேட்டார்.

"அப்படி ஒண்ணும் இல்ல சார். நைனா பேரு முனுசாமி. அந்த மு.தான் இனிஷியல்."

"இனிஷியல் எல்லாம் அரவவாள்ளுக்கு, தமிழாளுங்களுக்கு. இங்க இன்டிபேரு இல்லாம ரிஜிஸ்டர்ல ஏறாது. உங்க இல்லு முன்னாடி என்னா இருக்குது?"

"வேப்ப மரம் சார்."

"அயிதே வேப்பசெட்டு. ராசுக்கோ."

எழுதிக்கொண்டேன். எங்கள் நைனா, அவருடைய நைனா, ஏர் பிடித்துச் செத்த அத்தனை பேரும் போய், மரம் நின்றது. அந்த மரத்தையும் பிறகு வெட்டிவிட்டார்கள். நல்ல வேளை, அன்று வீட்டெதிரில் குப்பைமேடு இல்லை.

இதையெல்லாம் செய்யச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்ததா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரிந்து இந்த அளவுக்கு இல்லை. எல்லாப் பெயர்ப் பட்டியலையும் தெலுங்கில் எழுதி, ஒவ்வொரு மனிதனுக்கும் வீட்டுப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று என்று இரண்டு கட்டத்தில் அடைத்துவிட வேண்டும் என்பது ராகவய்யாவின் சொந்த உற்சாகம். மேலே இருந்தவர் எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுகிறவர், படிக்கிறவர் அல்ல. ராகவய்யாவின் வீட்டுப் பெயர் ஒரு ஊரின் பெயர். அந்த ஊர் எந்த ஜில்லாவில் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. ஆனால் அது இல்லாதவனெல்லாம் அவர் கண்ணுக்கு அரை மனிதன்.

சுவரொட்டி ஒட்டுகிற பையன்கள் மைதா காய்ச்சிய பசையைக் கொண்டுபோனால் எனக்கு இன்றும் அந்த ஆபீஸ் ஞாபகம் வந்துவிடும். பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அந்த வாசனையோடு ஈரச் சாக்கு, சிவப்பு மை, மாம்பழக் காலத்தில் பியூன் மேஜைக்கடியில் பழுக்க வைத்த பெங்களூரா மாங்காய். அதற்கு நடுவே உட்கார்ந்துதான் ஜில்லாவின் பெயர்களையெல்லாம் நாங்கள் கெடுத்தோம்.

எங்கள் பக்கத்துப் பெயர்களில் அதிக வேலை இருக்கவில்லை. திருப்பதிக்கு இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு வேறு என்ன பெயர் வைப்பார்கள். ஆண் என்றால் வெங்கடேசன், வெங்கடேசுலு, கோவிந்தசாமி. பெண் என்றால் அலமேலு, பத்மாவதி, மங்கம்மா. திருச்சானூரில் நின்று பத்மா என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பும். கஷ்டம் துலுக்கப் பெயர்களில்தான் வந்தது. துலுக்கப் பெயர் என்பது ராகவய்யாவின் வார்த்தை. அவை அரபுப் பெயர்கள் என்பதோ, அவற்றுக்கு அர்த்தம் இருக்கும் என்பதோ அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஒரு கிராமத்துப் பட்டியலில் அப்துல் ரஜாக், அப்துல் சமது, அப்துல் கனி, அப்துல் வகாப் என்று வரிசையாக வந்தது. ராகவய்யா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "பாத்தியா, இவங்களுக்கும் இன்டிபேரு இருக்குது, அப்துல்," என்றார். அவ்வளவுதான். ஒருவருக்கொருவர் ஒட்டோ உறவோ இல்லாத தோல் வியாபாரியும் வண்டிக்காரரும் தையல்காரரும் ஒரே அப்துல் வீட்டார் ஆனார்கள். முகம்மது என்று தொடங்குகிற பெயர்களை இன்னொரு வீட்டில் குடியேற்றினோம். ஷேக் ஒரு வீடு. ஒரு பிற்பகலில் ஜில்லாவின் முஸ்லிம்கள் அத்தனை பேரையும் ஐந்தாறு கூரைக்குள் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போனோம்.

அமத்துல் கரீம் என்ற பெயர் என் கைக்கு வந்தது அந்த வருஷம்தான்.

கிராமத்துப் பிரசவ நிலையங்களுக்கு மருத்துவச்சிகளைத் தேர்ந்தெடுத்த பட்டியல். இங்கிலீஷில் டைப் அடித்து வந்திருந்தது. தெலுங்கில் நல்ல பிரதி எடுத்து, பெயருக்கு முன்னால் ஸ்ரீமதி, குமாரி என்று போட வேண்டும். எல்லாம் மேரி, சரோஜம்மா, ராஜேஸ்வரி என்று ஒழுங்காக வந்துகொண்டிருந்த இடத்தில் 'அமத்துல் கரீம், கங்காதர நெல்லூர் நிலையத்துக்கு' என்று இருந்தது. ராகவய்யாவிடம் காட்டினேன்.

"கரீம்னா மகவாடு கதா. அந்தக் கசாப்புக் கடை கரீம் தெரியாதா உனக்கு? ஸ்ரீ போடு."

"மருத்துவச்சி லிஸ்ட் சார் இது."

"அதான் நானும் பாக்கறேன். எவனோ ஆம்பள நடுவுல பூந்துட்டான். ஸ்ரீ போட்டு, பக்கத்துல ஒரு கேள்விக்குறி போடு. மேல பாத்துப்பாங்க."

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெயருக்கு உரிய மனுவும் என் மேஜையில்தான் இருந்தது. அதோடு குத்தியிருந்த நற்சான்றில், பயிற்சி கொடுத்த ஆஸ்பத்திரி மேட்ரன் அரைப் பக்கத்துக்குள் மூன்று இடத்தில் 'அவள்' என்று எழுதியிருந்தாள். நான் அதைப் படித்திருந்தேன். மூன்று மாதம் முடிய பத்து நாள் இருந்தது. ஸ்ரீ போட்டேன். மிக அழகாகப் போட்டேன். மேலே இருந்தவர் கேள்விக்குறியைப் பார்த்து, பெண்களுக்கான வேலைக்கு ஆண் மனுச் செய்திருப்பதால் நீக்கம் என்று எழுதிவிட்டார்.

மூன்றாவது வாரம் அவள் வந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும், என்னைவிட ஒரு வயது சிறியவளாக இருக்கலாம். கதர்ப் புடவை, தோளைச் சுற்றி வெள்ளைத் துப்பட்டி. திருத்தணிக்குப் பக்கத்துக் கிராமம். திருத்தணி அப்போது எங்கள் சித்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. விடிகாலை பஸ் பிடித்து வந்திருந்தாள். நீக்க உத்தரவை மேஜைமேல் வைத்தாள்.

"இதுல என்ன ஆம்பளனு போட்டுக்கிறாங்க சார்."

ராகவய்யா காகிதத்தைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. "ஆடமனிஷினு சர்ட்டிபிகேட் கொண்டாம்மா."

"சார், உங்க எதிர்லதான நின்னுகினு இருக்கேன்."

"நீ நிக்கிறது எனக்குத் தெரியுது. பைலுக்குத் தெரியணும் கதா."

அவள் போய்விட்டாள். மறு வாரம் இரண்டு கடிதங்களோடு வந்தாள். ஒன்று அவள் ஊர்ப் பள்ளிவாசல் காஜி கொடுத்தது. அரபு எழுத்தைப் பார்த்ததும் ராகவய்யா அதைத் தலைகீழாகத் திருப்பி, பூச்சி மையில் விழுந்து நடந்த மாதிரி இருக்கிறதே என்றார். இன்னொன்று அவள் அத்தா தமிழில் எழுதியது. அவர் பெயர் முகம்மது காசிம். ஊர்ப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவர். படுத்த படுக்கையாகக் கிடந்தார். அந்தக் கடிதத்தை வாங்கக்கூட இல்லை ராகவய்யா. தமிழா, தமிழ் இனி இங்கே செல்லாது என்றார். தமிழில்தான் சொன்னார்.

அவள் வாயாலேயே சொன்னாள். நிதானமாக, காய்ச்சலில் கிடக்கிறவனுக்கு மருந்து வேளை சொல்கிற மாதிரி.

"அப்துல் கரீம்னா கரீமோட அடியான். அது ஆம்பளைக்கு. அமத்துல் கரீம்னா கரீமோட அடியாள். பொம்பளைக்கு. கரீம்ன்றது ஆண்டவனோட பேரு சார், வாரிக் குடுக்கறவன்னு அர்த்தம். அது மனுசங்க பேரு இல்ல."

எனக்குப் பேனா நின்றுவிட்டது. எங்கள் ஊரில் கிருஷ்ணதாசன் என்று ஒருவர் இருந்தார். கிருஷ்ணனைத் தனியாக ஒரு கட்டத்திலும் தாசனைத் தனியாக இன்னொரு கட்டத்திலும் அடைத்தால் என்ன ஆகும்? அப்துல் என்று மட்டும் எழுதினால், 'இன்னாருடைய அடியான்' என்பதில் இன்னாரை வெட்டி எறிந்துவிட்டு, நுனி இல்லாத கயிறு மாதிரி ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். ஒரு வீடு முழுக்க அப்படிப்பட்டவர்களைக் குடியேற்றியிருந்தேன்.

"அப்படீன்னா கரீம்னு மட்டும் வச்சிக்க. சின்னதா இருக்கும்," என்றார் ராகவய்யா.

"அது ஆண்டவன் பேருன்னேனே சார். ஆண்டவன் வேலைக்கு நான் மனு போடலியே."

"சரே, அமத்துன்னு வச்சிக்க."

"அடியாள்னு மட்டும் நிக்கும். யாருக்குன்னு இருக்காது."

"யாருக்கா? கவர்மெண்டுக்கு," என்றார் அவர்.

தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். டெஸ்பாட்ச் கிளார்க் சிரித்தான். பியூன் சிரித்தான். நானும் சிரித்தேன். எத்தனையோ மறந்துபோகிற இந்த வயதில் அந்தச் சிரிப்பு மட்டும் மறக்கவில்லை. பல் தெரிய, சத்தம் வராமல், மேலதிகாரிக்குக் காட்டுவதற்கென்றே வைத்திருக்கிற சிரிப்பு. டெம்பரரி ஆட்கள் எல்லோரிடமும் அது ஒன்று இருக்கும்.

எங்கள் சிரிப்பு அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். "வீட்டுப் பேரு வேணும்னா எங்ககிட்ட கெடையாது சார். அரபுல இன்னார் மகன், இன்னார் மகள்னுதான். பின்த் காசிம்னா காசிம் மகள். அதுக்குப் பின்னால எங்களுக்கு வேற வீடு இல்ல."

முனுசாமி மகன் நான் தலையைக் குனிந்து பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன்.

முடித்து வைத்தது ராகவய்யாதான். அவருக்கு ஒரே கவலை, போட்ட ஸ்ரீயை அடிக்காமல் காரியம் முடிய வேண்டும். அடித்தால் தப்பு அவருடையது ஆகிவிடும். அதற்கு வழி கண்டுபிடித்தார். அமத்துல் கரீம் என்ற ஆளின் மனு தள்ளுபடியானது தள்ளுபடியானதாகவே இருக்கட்டும். பாத்திமா பீ என்ற பெண் புதிதாக மனுச் செய்யட்டும். அவள் தன் பெயர் இனி இதுதான் என்று உறுதி எழுதிக் கொடுத்தால் போதும். பாத்திமா பீ ஏன் என்றால், அவருக்குத் தெரிந்த ஒரே முஸ்லிம் பெண் பெயர் அது.

அவள் அன்று எழுதிக் கொடுக்காமல் போனாள். பத்துப் பதினைந்து நாள் வரவில்லை. அத்தாவிடம் கேட்டாளோ, கேட்காமலே முடிவு செய்தாளோ தெரியாது. அவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள் என்று மனுவில் படித்திருக்கிறேன். மூன்றாவது முறை வந்து, "எழுதுங்க," என்றாள்.

எழுதச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டார் ராகவய்யா, என் கையெழுத்துக்காக. 'இன்று முதல் நான் பாத்திமா பீ என்ற பெயரால் மட்டுமே அறியப்படுவேன்' என்று எழுதி அவள் முன்னால் நீட்டினேன். வரிவரியாகப் படித்தாள். பிறகு முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கையெழுத்து நல்லா இருக்குது," என்றாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். அந்த மாதமே கங்காதர நெல்லூரில் வேலைக்குச் சேர்ந்தாள். எனக்கு அதற்கு முன்பே இன்னொரு மூன்று மாதம் நீடித்திருந்தது.

பிறகு எல்லைத் தகராறு பேசி முடிந்தது. திருத்தணி மதராஸ் பக்கம் போனது. சத்தியவேடு இங்கே வந்தது. எங்கள் நகரி இங்கேயே நின்றது. அந்தப் பக்கம் போன ஊர்களின் ரிஜிஸ்டர்களைச் சாக்கில் கட்டி லாரியில் ஏற்றினோம். மழைக்காலம். மூட்டை எத்தனை ஏறியது, எத்தனை இறங்கியது என்று யாரும் சரிபார்க்கவில்லை. நாங்கள் கட்டிவைத்த அப்துல் வீட்டாரும் ஈரச் சாக்கில் எல்லை தாண்டிப் போனார்கள். சொந்த ஊர் அந்தப் பக்கம் போய்விட்டவர்கள் விரும்பினால் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். எங்கள் ஆபீஸில் ஆளாளுக்கு ஆப்ஷன் எழுதினார்கள்.

அவளும் எழுதியிருந்தாள். அத்தா நடமாட்டம் இல்லாமல் ஊரில் கிடந்தார். பெரிய தங்கைக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பார்த்துக்கொள்ளச் சின்னவள் ஒருத்திதான். சொந்த ஊர்ச் சான்று கேட்டார்கள். பிறப்பு ரிஜிஸ்டரில் அமத்துல் கரீம், காசிம் மகள் என்று இருந்தது. வேலையில் இருந்ததோ பாத்திமா பீ. இருவரும் ஒருவரே என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அத்தாட்சி நான் அழகாக எழுதிய அந்த உறுதிக் காகிதம் ஒன்றுதான். அது அவள் ஊர் மூட்டையோடு கட்டப்பட்டு எங்கோ போய்விட்டது. ராகவய்யாவிடம் ஒரு வரி எழுதித் தரச் சொல்லி ஆள் விட்டாளாம். அவர், அப்படி ஒரு பெண்ணை நான் பார்த்ததே இல்லை, அந்தப் பெயரில் ஒரு ஆம்பளைதான் மனுப் போட்டான் என்று சொல்லியனுப்பினார். அது பொய்கூட இல்லை. அவர் நிஜமாகவே அவளைப் பார்த்ததில்லை.

எனக்கு இதெல்லாம் தாமதமாகத்தான் தெரிந்தது. ராகவய்யா ரிடையர் ஆகி, அவருக்கு மாலை போட்டு, அவர் பெருமைகளைப் பற்றி நானே இரண்டு பக்கம் எழுதி வாசித்த பிறகு. நான் பெர்மனென்ட் ஆகியிருந்தேன். இனி யாரும் வேலையைவிட்டு எடுக்க முடியாது என்று உறுதியான பிறகு எனக்கு மனசாட்சி வந்தது. எழுதினேன். இவரும் அவரும் ஒருவரே, தவறு எங்கள் ஆபீஸுடையது, பிரதி எடுத்தவன் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கங்காதர நெல்லூருக்குப் பஸ் ஏறினேன்.

பிரசவ நிலையம் ஒரு ஓட்டு வீடு. வாசலில் நாலைந்து கர்ப்பிணிகள். "பாத்திமம்மா உள்ள சாமான் காச்சிக்கினு இருக்காங்க, குந்துங்க," என்றாள் ஒருத்தி. உள்ளே அவள் கொதிக்கிற தண்ணீரிலிருந்து கத்தரிகளை இடுக்கியால் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். உடம்பு கொஞ்சம் கனத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை என்று நினைத்து, நான் பரிவாகக் கூப்பிட்டேன், "அமத்துல் கரீம் அம்மா."

இடுக்கியைக் கீழே வைத்தாள். நான் கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே படித்தாள்.

"இத எப்ப எழுதியிருக்கணும்?"

"அப்பவே."

"தெரிஞ்சிருக்குது."

கடிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தாள். ஆப்ஷன் தேதி முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அத்தா போய் நாலு மாதம். அதையும் அவளேதான் சொன்னாள்.

"அந்தப் பேரச் சொல்லி எங்க அத்தா கூப்புடுவாரு. அவரு போய்ட்டாரு. நீங்க கூப்புட வேணாம்," என்றாள்.

உள்ளே ஒருத்தி வலியில் முனகினாள். இவள் கையைக் கழுவிக்கொண்டு அங்கே போய்விட்டாள். நான் பஸ்ஸுக்கு நின்றேன்.

அதற்கப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை. அந்தச் சுற்று வட்டாரத்துப் பிள்ளைகளில் பாதி அவள் கையில் பிறந்தவை என்று சொல்வார்கள். ரிடையர் ஆகியும் அங்கேயே ஒரு வீடு எடுத்து இருந்தாள். அவள் இறந்த செய்தியை அங்கிருந்த கம்பவுண்டர் சித்தூருக்கு வந்தபோது சொன்னார். மாரடைப்பு. அன்றே திருத்தணிப் பக்கத்து ஊருக்குத் தந்தி கொடுத்திருக்கிறார்கள், பாத்திமா பீ காலமானார் என்று. தங்கை வீட்டில் இல்லை. தங்கை மகன்தான் வாங்கிப் படித்திருக்கிறான். அவனுக்குப் பெரியம்மா என்றால் அமத்து பெரியம்மா. எங்கள் வீட்டில் பாத்திமா பீ என்று யாரும் இல்லை என்று சொல்லித் தந்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். கங்காதர நெல்லூரில் சாயங்கால அஸர் தொழுகை வரைக்கும் காத்திருந்து பார்த்துவிட்டு, ஊர்க்காரர்களே அடக்கம் செய்துவிட்டார்கள். தங்கை வந்து சேர்ந்தது மூன்றாம் நாள்.

ராகவய்யா போய்விட்டார். அவர் பெயரில் அவர் பிள்ளைகள் சித்தூரில் ஒரு தண்ணீர்ப் பந்தல் வைத்திருக்கிறார்கள். ஆபீஸ் இருந்த ஓட்டுக் கட்டடத்தை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். கங்காதர நெல்லூர்ப் பிரசவ நிலையமும் இப்போது இல்லை. இங்கிருந்து போன ரிஜிஸ்டர்களில் எங்கள் காலத்து மூட்டைகள் கறையான் அரித்து எரிக்கப்பட்டன என்று திருத்தணியில் வேலை பார்த்த ஒருவர் சொன்னார். மேட்ரன் எழுதிய மூன்று 'அவள்' அதில்தான் இருந்தது. அமத்துல் கரீம் என்று ஒருத்தி இருந்தாள் என்பதற்கு நானறிய இன்று காகிதம் எதுவும் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்று சொல்லப்பட்ட ஒருவன் மட்டும் இருக்கிறேன்.